முதல் மாட்யூல் எது? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதைவிட்டுப் போகவே இல்லை. ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மாடுலர் சிந்தசைசரை நானே செய்ய ஆசை. முதலில் விசிஓ கிட் வாங்கட்டுமா, ஃபில்டர் கிட் வாங்கட்டுமா?"

மாடுலர் சிந்தசைசர் என்றால் மாட்யூல் எனப்படும் தனித்தனி பெட்டிகளை ஒயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னணுக் கருவி. விசிஓ என்பது மின்னழுத்தத்தால் சுருதி மாறும் ஆசிலேட்டர், அதாவது அலை எழுப்பும் சர்க்யூட். ஃபில்டர் அந்த ஒலியை வடிகட்டுவது. தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். 40106 என்ற ஐசி ஒன்று வாங்குங்கள், அதற்குள் கேட் எனப்படும் சின்னச் சர்க்யூட்டுகள் ஆறு இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். 74எச்சி14-ஐக் காட்டி "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள், வாங்காதீர்கள். கால் அமைப்பு ஒன்றுதான், ஆனால் அது 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நாம் 9 வோல்ட் பேட்டரி போடப் போகிறோம்.

பிரெட்போர்டில், அதாவது சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகையில், குத்துங்கள். 14-ஆம் கால் பிளஸ், 7-ஆம் கால் கிரவுண்டு. 1-க்கும் 2-க்கும் நடுவே 100கே ரெசிஸ்டர். 1-லிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பயன்படுத்தாத உள்ளீட்டுக் கால்கள் 3, 5, 9, 11, 13 எல்லாவற்றையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். 2-ஆம் காலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே சதுர அலை வரும். அதை 100கே, 10கே இரண்டையும் வைத்துக் குறைத்து, ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். ஹெட்போனை நேராக மாட்ட வேண்டாம், காது முக்கியம்.

சரி, இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்த 0.1-ஐ எடுத்துவிட்டு 10 மைக்ரோஃபாரட் போடுங்கள், மைனஸ் கால் கிரவுண்டு பக்கம். ஒலி நின்றுவிடும். வினாடிக்கு ஒரு தடவை "டொக், டொக்" என்று மட்டும் வரும். அதே சர்க்யூட்தான், மாறியது ஒரு கெபாசிட்டர். முதலில் அது ஒலி, இப்போது அது எல்எஃப்ஓ, அதாவது காதுக்குச் சுரமாகக் கேட்காத அளவுக்கு மெதுவான ஆசிலேட்டர். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், இதை எத்தனை வீடியோவில் சொன்னாலும் எனக்கு அலுக்காது: மாடுலரில் ஒலியும் மின்னழுத்தம்தான், ஒலியை ஆட்டிவைப்பதும் மின்னழுத்தம்தான்.

அதனால் எந்தக் கிட் என்பதைவிட, ஒரு மாட்யூல் இன்னொன்றை எப்படி ஆட்டுகிறது என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். அதையும் இந்த ஐசியிலேயே பார்க்கலாம். இன்னொரு கேட்டில் வேகமான ஆசிலேட்டர் கட்டுங்கள். ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் ஒரு எல்டிஆரும் (வெளிச்சம் பட்டால் தடை குறையும் ரெசிஸ்டர்) அதோடு வரிசையாக 10கேயும். மெதுவான ஆசிலேட்டரின் வெளியீட்டை மூன்றாவது கேட் வழியாக, 2.2கே போட்டு, ஓர் எல்இடிக்குக் கொடுங்கள். எல்இடியையும் எல்டிஆரையும் முகத்தோடு முகம் வைத்துக் கறுப்பு டேப்பால் சுற்றுங்கள். விளக்கு எரிய எரியச் சுருதி ஏறும், அணைய அணைய இறங்கும். வாக்ட்ரோல் என்பது இதுதான். மாடுலர் முன்னோடி டான் புக்லா தன் லோபாஸ் கேட் என்ற மாட்யூலில் (ஒலியின் அளவையும் கூர்மையையும் சேர்த்துக் குறைப்பது) வைத்ததும் இந்த ஜோடியைத்தான். ஒன்று இன்னொன்றை ஆட்டுகிறது பாருங்கள், அந்த நிமிடமே உங்கள் கையில் மாடுலர் இருக்கிறது.

புக்லா, இன்னொரு முன்னோடியான ராபர்ட் மூக் இருவரும் மாடுலரைத் தொடங்கியது 1960-களில். நம் நாட்டுக்கும் அது தாமதமாக வரவில்லை. 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் மாடுலரை நிறுவினார். அதைப் பற்றித் தனியாகவே பேச ஆசை, இன்னொரு நாள் பேசுவோம்.

அப்புறம், விசிஓ ஏன் முதலில் வேண்டாம் என்கிறேன்? 1 வோல்ட் ஏறினால் சரியாக ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அப்படியென்றால் அடுத்தடுத்த இரண்டு சுரஸ்தானங்களுக்கு நடுவே 83 மில்லிவோல்ட்தான். அந்தக் கணக்கைப் போட்டுத் தருவது டிரான்சிஸ்டர், அது வெப்பத்துக்கு வெப்பம் மாறும். ஈடுசெய்யும் ஏற்பாடு இல்லாவிட்டால் 10 டிகிரி வித்தியாசத்தில், மூன்று ஸ்தாயி தள்ளி ஒரு சுரஸ்தானத்துக்கும் மேல் விலகிவிடும். ஏசி அறையில் சுருதி சேர்த்துவிட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் தெரியும். காதும் கையும் பழகாமல் அங்கே போய் நின்றால் மனம் உடைந்துவிடும். பலர் பாதியில் விட்டது அங்கேதான்.

40106-இல் நான்கைந்து விதமாக விளையாடிய பிறகு மிக்சர் (பல சிக்னல்களைக் கலப்பது), அட்டெனுவேட்டர் (சிக்னலின் அளவைக் குறைப்பது) இவற்றைச் சால்டர் செய்து பழகுங்கள். அதற்குப் பிறகு தாராளமாக விசிஓ கிட் வாங்கலாம். யூரோராக் அளவிலேயே வாங்குங்கள். அது மாட்யூல்களுக்கான பொது அளவு, ஜெர்மனியின் டோப்ஃபர் 1995-இல் வகுத்தது, உயரம் 128.5 மில்லிமீட்டர், மின்சாரம் பிளஸ் மைனஸ் 12 வோல்ட். பவர் சப்ளையை மட்டும் செய்து முடித்த ஒன்றாகவே வாங்கிவிடுங்கள், 230 வோல்ட்டில் கை வைக்க வேண்டாம். மாட்யூலுக்கு மின்சாரம் தரும் ரிப்பன் கேபிளில் சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் வர வேண்டும். திருப்பி மாட்டினால் ஐசி போய்விடும், சுவிட்சைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.