ஈயக் கூரையும் தேவதைகளும்: பிளைத்பரோ தேவாலயம்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் கடலோரத்தில் பிளைத்பரோ என்று ஒரு சிற்றூர். இன்று அங்கே சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய தேவாலயத்தின் நீளம் சுமார் 127 அடி, அகலம் 54 அடி. இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை பெரிய கோயில் ஏன் என்றால், அந்த ஊர் ஒரு காலத்தில் பிளைத் ஆற்றின் மேல் இருந்த துறைமுகம். கப்பல் வந்தது, பணமும் வந்தது. பிறகு ஆறு தூர்ந்து, வியாபாரம் போய், கோயில் மட்டும் நின்றுவிட்டது. புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால்தான் பழையது தப்பியது. கிராமத்துக் கோயில்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

இந்தக் கோயில் எந்த ஆண்டில் கட்டியது என்று கேட்டால் ஒரே ஆண்டைச் சொல்ல முடியாது. மேற்கே இருக்கும் மணிக்கோபுரம் 14ஆம் நூற்றாண்டு. மற்றதைப் புதிதாகக் கட்ட 1412இல் அரசர் அனுமதி கொடுத்தார். அதன் பின் பல பத்தாண்டுகள் வேலை நடந்தது. இறப்பவர்கள் உயிலில் எழுதி வைத்த பணம் வரும்போது வேலை நடக்கும், தீர்ந்தால் நிற்கும்.

இனி சுவர். அந்தப் பக்கத்தில் நல்ல கட்டடக் கல் கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் கிடைக்கும் சக்கிமுக்கிக் கல்தான் உண்டு. மேலே வெள்ளைத் தோல், உடைத்தால் உள்ளே கண்ணாடிபோலக் கறுப்பு. இந்தக் கல் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் இடையில் வைக்கும் சுண்ணாம்புச் சாந்து மெதுவாகத்தான் இறுகும். அவசரப்பட்டு உயர்த்தினால் கீழே உள்ள வரிசை பிதுங்கிவிடும். ஆகவே கொஞ்சம் எழுப்பி, இறுக விட்டு, மறுபடி எழுப்பினார்கள். குளிர்காலத்தில் சாந்து உறைந்து உதிராதபடி சுவரின் தலையில் வைக்கோலும் சாணமும் போட்டு மூடி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். உருண்டைக் கல்லில் மூலை நிற்காது. மூலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் செதுக்கிய கல்லை வெளியூரிலிருந்து, பெரும்பாலும் நீர்வழியில், கொண்டுவந்தார்கள். கல்லின் அளவோ சாந்தின் நிறமோ ஒரே கோட்டில் சட்டென்று மாறினால், அங்கே வேலை நின்று மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

பழைய சுண்ணாம்பு வீட்டுக்குச் சிமென்ட் பூசிச் சுவர் ஓதம் காத்துப் பொரிந்துபோனதை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கும் அதே கதைதான். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரம் பனியில் உறைந்து விரியும். கல்லின் முகம் பெயர்ந்து விழும்.

அடுத்து கூரை. இதை விட்டால் எனக்குப் பேச்சே இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நாணல் கூரைக்குச் சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். ஈயத் தகடு நேர் எதிர். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். சரிவு அதிகமாக இருந்தால் தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே வழுக்கிக் கிழிந்துபோகும். ஆகவே ஈயம் வாங்க வசதி வந்த ஊர்கள் கூரையைத் தட்டையாக்கின. கூரை தின்றுகொண்டிருந்த உயரம் மிச்சமானது. அந்த உயரத்தில் சுவரை எழுப்பி ஜன்னல் வைத்தார்கள். பிளைத்பரோவில் பக்கத்துக்கு 18 ஜன்னல், மேலே ஒரே வரிசையாக! கோயிலுக்குள் அந்த வெளிச்சம் ஈயத்தால் வந்தது. மறுபடி சொல்கிறேன், ஈயத்தால். கிழக்கு இங்கிலாந்தில் எங்கே போனாலும் கோபுரத்தின் கிழக்குச் சுவரைப் பாருங்கள். பல ஊர்களில் தலைகீழ் ‘வி’ போல ஒரு தழும்பு தெரியும். பழைய செங்குத்துக் கூரை முட்டிய இடம் அது.

அந்தத் தட்டைக் கூரையின் விட்டங்களின் நடுவில் மரத் தேவதைகள், முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்று கிழக்கே பார்க்க, ஒன்று மேற்கே பார்க்கச் சிறகு விரித்து நிற்கின்றன. அவற்றின் உடம்பில் ஈயக் குண்டுகள். நெடுங்காலம் இந்தப் பழி வில்லியம் டவ்சிங் தலையில் விழுந்தது. 1644இல் கோயில் கோயிலாகப் போய்ப் படங்களையும் சிலைகளையும் உடைத்த பியூரிட்டன் அவர், அதாவது கோயிலில் உருவங்களே கூடாது என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட். பிளைத்பரோவுக்கும் வந்தார், உண்மை. தேவதைகளை இறக்கச் சொல்லி உத்தரவும் போட்டார். ஆனால் குண்டுகளை ஆராய்ந்தபோது அவை 18ஆம் நூற்றாண்டுக் குண்டுகள் என்று தெரிந்தது. கோயில் கணக்கிலோ, உள்ளே கூடு கட்டிய ஜாக்டா காக்கைகளைச் சுடக் கூலி கொடுத்த செலவு எழுதியிருக்கிறது. காக்கைக்கு வைத்த குறி தேவதை மேல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாவம் டவ்சிங்! அவர் செய்ததே போதும், செய்யாததையும் ஏற்ற வேண்டாம்.

அந்தக் கூரைக்கு அதற்கு முன்பே ஓர் அடி விழுந்திருந்தது. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. வழிபாட்டு நேரத்தில் புயல் அடித்து, கோபுரத்தின் கூர்முனை கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. ஒரு ஆளும் ஒரு பையனும் இறந்தார்கள். ஊரார் கறுப்பு நாய் உருவில் சாத்தான் வந்தான் என்றார்கள். கூர்முனையை மறுபடி கட்டவில்லை; இன்றும் கோபுரம் மொட்டையாகத்தான் நிற்கிறது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1881இல் கட்டடம் ஆபத்தானது என்று மூடினார்கள், 1884இல் திறந்தார்கள். இடையில் பெரிய சண்டை. 1877இல் வில்லியம் மோரிஸ் முன்னின்று தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழுது பார்க்கலாம், புதுசாக்கக் கூடாது என்று வாதாடியது. பெஞ்சு முனைகளில் கிறித்தவம் சொல்லும் ஏழு கொடிய பாவங்களைச் செதுக்கியிருக்கும் அழகைச் சொல்ல நினைத்தேன், அதில் சோம்பல் ஒன்று, சோம்பேறி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான், அதோடு விட்டுவிடுகிறேன். 1682 என்று ஆண்டு எழுதிய ஒரு மரப் பொம்மையும் உண்டு, மணியடிக்கும். நன்றி, வணக்கம்.