மாங்கொட்டையும் கறிக்கோழித் தீவனமும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாசனை தெரியும். மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். கூழ் டப்பாவுக்குள் போய்விடும். தோலும் கொட்டையும் பின்பக்கம் குவிந்து, இரண்டே நாளில் புளித்து ஈ மொய்க்கும். கால்நடை மருத்துவனான எனக்கு அந்தக் குவியலைப் பார்த்தாலே மக்காச்சோள விலைதான் ஞாபகம் வரும்.

கறிக்கோழி வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனம். அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். இப்போது எத்தனால் ஆலைகளும் அதையே தேடி வாங்குகின்றன. மாங்கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். கொழுப்பு 100க்கு 10 பங்கை ஒட்டி வரும். புரதம் மட்டும் மக்காச்சோளத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

சரி, அப்படியே அரைத்துப் போட்டுவிடலாமா? கூடாது. பச்சைப் பருப்பை ஒரு கடி கடித்துப் பாருங்கள், நாக்கை இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டேனின். வயிற்றுப்போக்கு கண்டால் பாட்டிமார் மாம்பருப்பை உரைத்துக் கொடுத்தது இதற்காகத்தான். அதே துவர்ப்பு கோழியின் குடலில் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய சோயாப் புண்ணாக்கின் சத்து எச்சத்தோடு வெளியே போய்விடும். கோழி தின்னும், எடை ஏறாது. எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையாளர் பச்சைப் பருப்பை அரைத்துக் கலந்துவிட்டு, ஐந்தாம் வாரம் தராசைப் பார்த்துத் தவித்த தவிப்பை நான் மறக்கவில்லை.

ஆகவே கொட்டையை உடைத்து, பருப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஓர் இரவு ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். இரும்புக் கொப்பரை என்றால் தண்ணீர் மைபோலக் கறுக்கும். பயப்பட வேண்டாம், வெளியே வரும் டேனின் இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டு வெயிலில் பரப்புங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிகிற வரை காயவேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து, அதன் நஞ்சு கோழியின் கல்லீரலைக் கெடுக்கும்.

தோலைக் கோழிக்குக் கொடுக்காமல் மாட்டுக்குப் போடுங்கள். அதிலுள்ள நாரைச் செரிக்கக் கோழிக்கு அசைபோடும் வயிறு கிடையாது. தோலிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் வேறு எச்சத்தைப் பிசுபிசுப்பாக்கும். தரையில் பரப்பிய கூளம் நனைந்து கொட்டகையில் அம்மோனியா வாடை கண்ணை எரிக்கும். ஆரஞ்சுச் சக்கைக்கும் இதே கதைதான்.

அளவு? முதல் 3 வாரம் குஞ்சுகளுக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம் 100 கிலோ தீவனத்தில் காய்ந்த பருப்பு மாவு 5 கிலோ, அதுவும் மக்காச்சோளத்துக்குப் பதிலாக மட்டும். சோயாவில் கைவைக்காதீர்கள். கம்பெனி தரும் தீவனத்தில் ஒப்பந்தத்துக்கு வளர்ப்பவர்கள் எதையும் கலக்க வேண்டாம். நான் சொல்வது, சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்கு.

அவர்களும் எடுத்த எடுப்பில் கொட்டகை முழுவதும் இறங்க வேண்டாம். 50 கோழியைத் தனியே அடைத்து, வாரம் ஒருமுறை எடைபோட்டு, தின்ற தீவனத்தையும் எழுதி வையுங்கள். கொட்டை உடைத்த கூலி, விறகுச் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். கிலோ கறிக்கு ஆன செலவு மற்றக் கோழிகளைவிடக் குறைந்திருந்தால், அடுத்த சீசனுக்கு ஆலையில் கொட்டைக்குச் சொல்லி வைக்கலாம்.

வணக்கம்.