சோழவந்தான் வீட்டுக்கு மறுபடியும் பெயின்ட்: நிலை, ஜன்னல், சுவரடிப் பட்டை

வணக்கம். கேமராவைத் தரையில் வைத்திருக்கிறேன், அதனால் என் முட்டிதான் பெரிதாகத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பார்க்க வேண்டியதில் பாதி முட்டிக்குக் கீழேதான் இருக்கிறது.

இது சோழவந்தானில் என் அத்தை வீடு. சுற்றிலும் வயல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் ஊர் குளிரும், கூடவே எங்கள் சுவரும் குளிரும். செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் வைத்துக் கட்டிய சுவர் இது. சிமென்ட் ஒரு பிடிகூடக் கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஓதத்தைத் தடுக்க அடியில் எதுவும் போட்டதில்லை. ஏறுகிற ஈரம் சுவர் வழியாகவே காற்றில் போய்விடும், அவ்வளவுதான் அதன் கணக்கு.

அந்தக் கணக்கில் நான் கை வைத்தேன். போன வருடம் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தபோது, சுவரடியில் ஒன்பது அங்குல உயரத்துக்குக் கரும்பழுப்பு எனாமல், அதாவது எண்ணெய் பெயின்ட், அடித்தேன். வெளிநாட்டு வீடியோக்களில் அந்த இடத்தில் மரப்பலகை வைத்து அடிக்கிறார்கள். இப்போது கட்டும் வீடுகளில் டைல்ஸையே வெட்டி ஸ்கர்ட்டிங் ஒட்டிவிடுகிறார்கள். பழைய வீட்டில் வெறும் பட்டைதான். துடைப்பமும் ஈரத்துணியும் படுகிற இடம், அழுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அடித்து முடித்தபோது முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அத்தைக்கும் பெருமை.

ஐப்பசி மழை முடிவதற்குள் அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிட்டது. இதோ, இந்த மூலையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன், கிட்டே காட்டுகிறேன். விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது. உள்ளே பாருங்கள், பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. அதற்குப் பின்னால் காரை மாவாகிவிட்டது. வெளியே வர வழி தேடிய ஈரம் பெயின்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, உப்பை அங்கேயே இறக்கி வைத்துவிட்டது. போதாததற்குப் பட்டைக்கு மேலேயும் ஒரு முழத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது. கீழே அடைத்தால் மேலே போகத்தானே செய்யும்.

அதனால் இந்த முறை ஒரே முடிவு: எண்ணெய் பெயின்ட் மரத்துக்கும் இரும்புக்கும் மட்டும், சுவருக்குச் சுண்ணாம்பு.

முதலில் மரம். இந்த நிலைக்கதவு தேக்கு. உப்புத்தாள் போடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பைச் சட்டமாக்கிய விதிகள் 2016இல் வந்தன, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. இந்தக் கதவோ என் அப்பா காலத்திலேயே மூன்று முறை பெயின்ட் கண்டது. ஆகவே காய்ந்த தூள் பறக்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் வாங்கி, ஈரமாகவே தேயுங்கள். முகமூடி கட்டாயம். துணி முகமூடி பத்தாது, நுண்தூளைத் தடுப்பது வேண்டும். தீயை வைத்துப் பொரித்துச் சுரண்டும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது வேண்டவே வேண்டாம், அந்தப் புகை இன்னும் மோசம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து கழுவித் துடைக்கும் வரை வேறு வீட்டில் இருக்கட்டும். சுரண்டிய கழிவைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள், முருங்கை அங்கேதான் நிற்கிறது.

இதைப் பாருங்கள். நிலையின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்த்திருக்கிறேன். மேலே பழுப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் வெளிர் நீலம், நடுவில் பழைய மரம். தாமரை செதுக்கிய இடத்தில் பெயின்ட் அடைத்து அடைத்து இதழ் எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. மூங்கில் குச்சியைச் சீவி ஒவ்வோர் இதழாக நோண்டி எடுத்தேன். ஒரு பூவுக்கு ஒரு பகல் போனது. மொத்தம் ஒன்பது பூ. ஆறாவது பூவில் எனக்குப் பக்தி குறைந்துவிட்டது, நெருங்கிப் பார்த்தால் தெரியும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. தேய்த்த பிறகு டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் பிரைமர். கீறலுக்குப் பட்டி, மறுபடி உப்புத்தாள், பிறகு எனாமல் இரண்டு கை, மெல்லிசாக. நம் ஊர் வெயிலில் நடுப்பகலில் அடித்தால் பிரஷ் போன தடம் அப்படியே உறைந்துவிடும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடித்துவிடுங்கள். நாதாங்கி, கொண்டி, பித்தளைக் குமிழ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடியுங்கள். குமிழோடு சேர்த்து அடித்தவர்களை என்ன சொல்வது? புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிற சாமான் அது. ஜன்னல் கம்பியில் துரு சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நிலைப்படியை மட்டும் பெயின்ட் அடிக்காமல் விட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற இடம். அங்கே பெயின்ட் நிற்காது, நின்றாலும் அத்தை விடமாட்டார். அதில்தான் இன்னொரு கூத்து. சுண்ணாம்பு பிரஷோடு தாண்டும்போது படியில் சொட்டிவிட்டது. சொட்டின இடமெல்லாம் சிவப்பு! அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வந்து, “கையை அறுத்துக்கொண்டாயா?” என்று என் விரலைப் பிடித்துப் பார்த்தார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்தித் தண்ணீர் கரைப்பதே அப்படித்தானே. அறுபது வருடமாக ஆரத்தி கரைத்தவருக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை.

இனி சுவரடி. பொரிந்த எனாமலைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி வெளியே அள்ளினேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காரை உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பும் மணலும்தான் வைத்துப் பூசினேன், சிமென்ட் தொடவில்லை. ஒன்றரை மாதம் காய விட்டேன். புதுக் காரைமேல் யாராவது எண்ணெய் பெயின்ட் அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். சுண்ணாம்பின் காரம் அந்த எண்ணெயைச் சோப்பாக்கிவிடும்.

பட்டைக்கு நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, செங்காவி கலந்தேன். பால் பதத்துக்கு, சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, மூன்று கை. வாளியில் ரத்தச் சிவப்பாக இருக்கிறது, காய்ந்ததும் பாதி நிறம் போய்விடுகிறது. காவியை மேலும் மேலும் கொட்டினால் பிடிப்பு போய் உதிரும். “வெளுத்துப்போன செங்கல் மாதிரி இருக்கிறது,” என்றார் அத்தை. உண்மைதான். சாய்ந்து உட்கார்ந்தால் சேலையில் கொஞ்சம் ஒட்டவும் செய்கிறது. அதையும் மறைக்கவில்லை.

கோடு போடுவதில் குழம்பினேன். ரசமட்டம் வைத்து நேராக நூல் அடித்தால் பட்டை கோணலாகத் தெரிகிறது, ஏனென்றால் தரையே முற்றத்தை நோக்கிச் சரிகிறது. கடைசியில் மட்டத்தை மூட்டை கட்டிவிட்டு, தரையிலிருந்து ஒன்பது அங்குலம் என்று நான்கு இடத்தில் குறித்து, நீலம் தொட்ட நூலைச் சுண்டினேன். இப்போது கண்ணுக்கு நேராக இருக்கிறது. ஒட்டுகிற டேப் இங்கே உதவாது, பிரிக்கும்போது சுண்ணாம்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். பெயின்ட் வேலை பார்க்கும் ஒரு பெரியவர், “தம்பி, பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் எடுத்து வா,” என்றார். இதோ, அத்தையின் வலது முட்டி. ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, பிரஷை அதை ஒட்டி இழுத்தால் கத்தியால் வெட்டின மாதிரி கோடு. விளிம்பை ஒவ்வொரு முறையும் துடைத்துக்கொள்ள வேண்டும்.

வேலையின் வரிசை இதுதான்: மரத்துக்குப் பிரைமர், பிறகு சுவர், பிறகு மரத்துக்கு எனாமல், கடைசியில்தான் பட்டை. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் சும்மா இருக்காது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பின் அறையில் நெல் குலுக்கை நிற்கிறது. அதன் பின்னால் பழைய எனாமல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நகர்த்த நான்கு பேர் வேண்டும். பொங்கலுக்குத் தம்பிகள் வரும்போது பார்க்கலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார், வருகிறவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.