பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

அவைத் தலைவர் பேராசிரியர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, காய்ச்சலோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நுகர்வோர் இயக்கத் தோழர்களே, வணக்கம்.

இரண்டு செய்திகள் பேச வந்தேன்: ஓர் ஆணையரின் கதை, சட்டத்தின் ஓட்டை. முதலில் கதை.

மெரிடித் ஆட்வெல் பேக்கர் 2009இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யில் ஆணையரானார். 2011 ஜனவரியில் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட், தொலைக்காட்சி, திரைப்பட நிறுவனமான என்.பி.சி. யுனிவர்சலைக் கைக்கொள்ள ஆணையம் 4-1 என்று அனுமதித்தது. எதிர்த்தவர் ஆணையர் மைக்கேல் காப்ஸ் மட்டும். பேக்கர் ஆதரித்தார். அந்த அனுமதிக்கான ஆய்வு இவ்வளவு நாள் இழுத்திருக்கக் கூடாது என்று மார்ச்சில் பேசவும் செய்தார். மே மாதம் அதே என்.பி.சி. யுனிவர்சலில் அரசுத் தொடர்புப் பதவிக்குப் போவதாக அறிவிப்பு வந்தது.

எங்கள் ஊர் ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார். மடை அவர் கையில். ஒரு கோடையில் மேல்மடைப் பண்ணைக்கு ஒரு நாள் தண்ணீர் கூடுதலாகப் போனது. கடைமடையில் என் அப்பாவின் நாற்று கருகியது. அறுவடை முடிந்ததும் நீர்க்கட்டி அந்தப் பண்ணைக்கே கணக்குப்பிள்ளை ஆகிவிட்டார். களத்துமேட்டில் என் பாட்டி கேட்டார்: "ஏய்யா, மடை திறந்தப்பவே சம்பளம் பேசியாச்சா?" அப்புறம்தான் பேசினேன் என்று அவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். பொய் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து வந்த நீர்க்கட்டியை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. இரவில் மடைக்கு ஆள் போட்டார்கள். பாட்டி சொன்னது ஒன்றுதான்: "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்."

பேக்கரும் விதியை மீறவில்லை என்றார். வேலைப் பேச்சு தொடங்கிய பிறகு எதிலும் வாக்களிக்கவில்லை என்றார். சரி, நம்புவோம். எஃப்.சி.சி.யிடம் நிறுவனத்துக்காக வாதாட அவருக்கு இரண்டு ஆண்டு தடை. நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசத் தடையில்லை! 2014இல் செல்பேசி நிறுவனங்களின் சங்கமான சி.டி.ஐ.ஏ.வுக்குத் தலைவரானார். 2025இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் எஃப்.சி.சி.யின் முன்னாள் தலைவர் அஜித் பை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் சட்டத்திலும் பதவி விட்டபின் இரண்டு ஆண்டு இடைவெளி உண்டு. ஆனால் மத்திய அரசின் முன் அனுமதி இருந்தால் அதற்குள்ளேயே தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சேரலாம். அந்த "முன் அனுமதி" போக வேண்டும், இரண்டு ஐந்தாக வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள்.