வீடு பார்க்கப் போறீங்களா? முதல்ல இபி மீட்டரைப் பாருங்க!

வாங்கி வாடகைக்கு விடலாம்னு சென்னையில ஒரு பழைய ஃபிளாட் பார்க்கப் போறீங்க. புரோக்கர் ஹாலையும் மாடுலர் கிச்சனையும் காட்டுவார். நீங்க கீழயே நின்னு இபி மீட்டர் எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. பழைய போர்டு இருந்த ஓட்டையைச் சிமென்ட் பூசி அடைச்சுட்டு, மீட்டரைத் தலைக்கு மேல ஏத்தியிருக்காங்களா? வெள்ளத் தண்ணி உள்ள வந்துச்சான்னு கண்டிப்பா கேக்கணும்.

[திரையில்: காம்பவுண்ட் சுவர், குளோசப்]

அடுத்து சுவர். கீழ மூணு அடி உயரத்துக்கு உப்பு பூத்திருக்கும். தரையில இருந்து ஏறுற ஈரமும் இப்படித்தான் தெரியும், அதனால குழம்பிடாதீங்க. ஈரம் மேடும் பள்ளமுமா, ஒரு சுவர்ல இருக்கும், பக்கத்துச் சுவர்ல இருக்காது. வெள்ளக் கறை அப்படி இல்ல. நூல் பிடிச்ச மாதிரி நேர்கோடா, எல்லாச் சுவர்லயும் ஒரே மட்டத்துல ஓடும். புது பெயிண்ட் அடிச்சு மறைச்சிருந்தா, அலமாரியைத் திறந்து அடிப்பலகையைத் தடவிப் பாருங்க. பிளைவுட் தண்ணியில ஊறியிருந்தா உப்பி, ஏடு ஏடா பிரியும். எனக்கு இந்தச் சோதனை மேல ரொம்ப நம்பிக்கை. சுவரைப் புதுசாக்குறவங்க அலமாரியின் அடிப்பலகையை மறந்துடுவாங்க.

கேட்டுல இருந்து வாசலுக்குப் படி ஏறுதா, இறங்குதா? பழைய தார் மேலயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துடுச்சு, வீடு பள்ளத்துக்குப் போயிடுச்சு. இறங்குற வீடா இருந்தா, சம்ப், அதாவது தரைக்கடியில இருக்குற தண்ணித் தொட்டி, அதோட மூடி தரை மட்டத்துல இருக்கான்னும் பாருங்க. இருந்தா தெருத் தண்ணி நேரா குடிதண்ணியில கலக்கும்.

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட ரெண்டே கேள்வி: 2015 டிசம்பர்ல இந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு? 2023 மிக்ஜாம் புயல்ல எவ்வளவு? "இங்க வெள்ளம் வருமா"ன்னு பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். வருஷத்தைச் சொல்லிக் கேட்டா, முழங்கால், இடுப்புன்னு கையால அளவே காட்டிடுவாங்க. எந்த வீடு ரொம்ப நாளா காலியா கிடக்கு, கோடையில எத்தனை லாரி தண்ணி வாங்குறாங்கங்கறதும் அவருக்குத் தெரியும்.

ஊர்ப் பேரும் பேசும். தாங்கல்னா மழைத்தண்ணியைத் தேக்குற சின்ன ஏரி. ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பேர்தான். அதுக்காக அந்த ஊரையே ஒதுக்க வேண்டாம். ஒரே பின்கோடுல ஒரு தெரு மேடா இருக்கும், அடுத்தது பள்ளமா இருக்கும். தமிழ்நாடு அரசின் இணையதளத்துல சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டுல, அதாவது வருவாய்த்துறையோட நிலப் பதிவேட்டுல, நிலத்தோட வகைப்பாட்டைப் பாருங்க. ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்)னு இருந்தா அதோட விட்டுடுங்க. புலப்படத்துல, அதாவது நிலத்தோட அளவு வரைபடத்துல, பக்கத்து மனை வழியா வாய்க்கால் போகுதான்னும் பாருங்க. நேர்ல அங்க ரோடு இருக்கலாம், மழை பெய்தா தண்ணி அந்தப் பழைய வழியைத்தான் தேடும்.

பத்திரத்தைச் சீக்கிரம் சொல்லிடறேன். 30 வருஷ வில்லங்கச் சான்று (சொத்து மேல பதிவான விற்பனை, அடமான விவரம்), தாய்ப்பத்திரம் (முந்தின உரிமையாளர்களோட மூலப் பத்திரம்), பட்டா மூணுலயும் சர்வே எண்ணும் அளவும் ஒத்துப்போகணும். பதிவு செய்யாத உயில் வில்லங்கத்துல வராது, அதனால வக்கீல்கிட்ட வாரிசு விவரத்தையும் கேளுங்க.

[திரையில்: கணக்கு]

இப்ப காசு. ஃபிளாட் 60 லட்சம், வாடகை 15,000. வருஷம் 1,80,000, அதாவது 3 சதவீதம்னு சொல்லுவாங்க. மெயின்டனன்ஸ் மாசம் 2,500 நீங்க கட்டுறதா வெச்சா 30,000 போச்சு. சொத்து வரி 6,000, ஒரு மாசம் காலியா கிடந்தா 15,000, பெயிண்ட், பிளம்பிங் 15,000. மிச்சம் 1,14,000. மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 5,40,000. நீங்க போட்டது 65,40,000. கையில நிக்கிறது 1.74 சதவீதம்! விலை ஏறும்னு நம்பித்தான் வாங்குறோம். அப்போ ஏறப் போறது மண்ணோட விலை, கட்டடத்தோடது இல்ல. யுடிஎஸ், அதாவது மொத்த மனையில உங்களுக்குச் சேர்ற பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடின்னு பத்திரத்துல பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஐப்பசி, கார்த்திகையில ஒரு நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில போய்ப் பார்த்துட்டு விலை பேசுங்க. உங்க தெருவுல தண்ணி எத்தனை நாள் நின்னுச்சுன்னு ஏரியா பேரோட கமெண்ட்ல போடுங்க, அங்க வீடு தேடுற ஒருத்தர் அதைப் படிப்பார்.