துப்பாக்கி எடுக்க வைத்தது ரயில் பணமே!

நடுவர் அவர்களே, வணக்கம். 1874இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் இரண்டு பேர் ‘நான்தான் ஆளுநர்’ என்று ஆள் திரட்டி மோதிக்கொண்டார்கள். காரணம் பதவி ஆசையா, பணமா? பதவி ஆசைதான் என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசினார், கைதட்டலும் வாங்கினார். சரி, அந்த ஆசை ஏன் ஒன்றரை வருஷம் தூங்கியது?

1872 நவம்பரில் ஆளுநர் தேர்தல்; அங்கே ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். எலிஷா பாக்ஸ்டர், ஜோசப் புரூக்ஸ் இருவருமே குடியரசுக் கட்சிக்காரர்கள், கோஷ்டிதான் வேறு. பாக்ஸ்டர் வென்றதாக அறிவித்தார்கள். எண்ணிக்கையில் தில்லுமுல்லு என்று புரூக்ஸ் கத்தினார். மெதடிஸ்ட் பிரசங்கியார், கத்துவதற்குச் சொல்லியா தர வேண்டும்? கோர்ட்டுக்கும் போனார். ஆளுநர் அறைக்குள் புகுந்தாரா? இல்லை.

பாக்ஸ்டரை நாற்காலியில் உட்கார வைத்தது செனட்டர் பவல் கிளேட்டனின் கோஷ்டி. 1874 மார்ச்சில் அதே பாக்ஸ்டர், ரயில் கம்பெனிக்கு அரசுக் கடன் பத்திரம் தர முடியாது என்கிறார். அந்தப் பத்திரத்தை விற்றுத்தான் கம்பெனி பணம் பார்க்கும். ஆர்கன்சா சென்ட்ரல் ரயில்வேயின் தலைவர் யார் தெரியுமா? அதே கோஷ்டியின் இன்னொரு செனட்டர், ஸ்டீபன் டோர்சி! அடுத்த மாதமே, ஏப்ரல் 15ஆம் தேதி, கிடப்பில் கிடந்த வழக்குக்கு உயிர் வருகிறது. பாக்ஸ்டரின் வக்கீல்கள் இல்லாத நேரத்தில் தீர்ப்பு புரூக்ஸ் பக்கம். மை காயும் முன்னே தலைமை நீதிபதி மெக்லூர் பதவிப் பிரமாணம் செய்து வைக்கிறார். ஆயுதம் ஏந்திய ஆட்களோடு போய், பாக்ஸ்டரை அறையிலிருந்து தெருவுக்குத் தள்ளுகிறார்கள். உட்கார வைத்தவர்களே எழுப்பிவிட்டார்கள், ஐயா!

அப்புறம் லிட்டில் ராக் நகரில் இரண்டு அரசாங்கம். புரூக்ஸ் அரசு மாளிகையில், பாக்ஸ்டர் ஆந்தனி ஹவுஸ் ஹோட்டலில், நடுவில் மத்திய அரசின் சிப்பாய்கள். மே 8ஆம் தேதி, பாக்ஸ்டர் ஆட்கள் ‘ஹாலி’ என்ற நீராவிப் படகில் ஆர்கன்சா ஆற்றில் போகும்போது, பலார்ம் என்ற இடத்தின் அருகே புரூக்ஸ் ஆட்கள் கரையிலிருந்து சுட்டார்கள். நீராவிக் குழாயில் குண்டு பாய்ந்து, படகு ஆற்றோடு அடித்துக்கொண்டு போனது. படகில் இருந்தவர் செத்தார். அவருக்கும் கடன் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

‘மே 15இல் அதிபர் கிராண்ட் பாக்ஸ்டரை அங்கீகரித்ததும் சண்டை ஓய்ந்ததே, அப்படியென்றால் பதவிதானே?’ என்று கேட்டார் எதிரணி நண்பர். பதவி இல்லாமல் பத்திரம் கொடுக்க முடியுமா, நண்பரே? சாவி வேண்டுமென்று அடித்துக்கொண்டவர்கள் சாவிக்காகவா அடித்துக்கொண்டார்கள், பெட்டிக்காகவா?

புரூக்ஸுக்குப் பதவி வெறியாம்! மறு வருஷமே அதே லிட்டில் ராக்கில் போஸ்ட்மாஸ்டர் வேலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரே, அதற்கு எதிரணி முதலில் பதில் சொல்லட்டும்.