காசு தண்ணீருக்கு, இடத்துக்கு அல்ல: சுயசேவை கார் கழுவுமிடத்தில் நடந்துகொள்ளும் முறை

[காட்சி: காசு போட்டு நாமே காரைக் கழுவிக்கொள்ளும் சுயசேவை நிலையம். ஒரு கார் நிற்கும் அளவுள்ள தடுப்பு ஒன்றில் ஒருவர் டேஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் நான்கு கார்கள்.]

தண்ணீர் நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டது. இவர் இன்னும் நகரவில்லை. கேட்டால், “நானும் காசு போட்டுத்தானே வந்தேன்” என்பார். போட்டார்தான். ஆனால் அந்தக் காசு தண்ணீருக்கும் நுரைக்கும் போட்டது. இயந்திரத்தின் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு, அந்த இடம் பின்னால் காத்திருப்பவருடையது.

பெரும்பாலான இயந்திரங்களில் காசு விழுந்ததும் நேரம் ஓடத் தொடங்கிவிடும். கால்மிதிகளை வெளியே எடுப்பது, சில்லறையைத் தேடுவது, எந்தக் குமிழைத் திருப்பினால் என்ன வரும் என்று பலகையைப் படிப்பது எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சில்லறையை வரிசையில் நிற்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

[காட்சி: ஈரம் சொட்டச் சொட்ட வெளியேறும் கார்.]

‘துடைக்காமல் எப்படிக் கிளம்புவது, கறை படிந்துவிடாதா?’ நியாயமான கவலை. சாதாரணத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள், தண்ணீர் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். இதற்காகவே பல நிலையங்களில் உப்பு நீக்கிய தண்ணீரைக் கடைசி அலசலுக்குத் தருகிறார்கள். அதில் அலசினால் வண்டி தானாகவே காய்ந்துகொள்ளும். துணியால் துடைத்தால்தான் மனம் ஆறும் என்றால், வாக்குவம் கிளீனர் இருக்கும் பக்கம் வண்டியை நிறுத்தித் துடையுங்கள். வரிசையே இல்லாத நேரமா? தாராளமாக நில்லுங்கள், நானும் நிற்பேன். இன்னொரு வண்டி வந்ததும் நகர்ந்தால் போதும்.

[காட்சி: நிலையத்தில் எல்லோருக்கும் பொதுவான நுரை பிரஷ், மிக அருகில். இழைகளுக்கு நடுவே மணல்.]

எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த பிரஷைப் பார்க்கும்போதுதான். உங்களுக்கு முன் வந்தவர் சேற்றில் புரண்ட ஜீப்பின் சக்கரத்தை இதனால் தேய்த்திருக்கலாம். அந்த மணல் இழைகளுக்குள் அப்படியே இருக்கும். கார் பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு, தலைமுடியைவிட மெல்லியது. அதன் மேல் மணலை வைத்துத் தேய்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் விழும். நிழலில் தெரியாது, வெயிலில் நிறுத்தும்போது தெரியும்.

ஆகவே பிரஷை வண்டியில் வைக்கும் முன் தண்ணீர்த் துப்பாக்கியால் அதை நன்றாக அடித்துக் கழுவுங்கள். வண்டியையும் முதலில் வெறும் தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கும் மண்ணை இறக்கிவிடுங்கள். சக்கரம், அடிப்பகுதி, லாரியின் சேறு படிந்த பின்பக்கம் ஆகியவற்றில் பிரஷ் படவே கூடாது. வேலை முடிந்ததும் மறுபடி அலசி, அதற்குரிய கொக்கியில் மாட்டுங்கள். தரையில் போட்டால் மணலை அதுவே அள்ளிக்கொள்ளும்.

துப்பாக்கிக்கும் ஒரு வார்த்தை. தடுப்பின் முன்னும் பின்னும் திறந்தே இருக்கும். வாசலை நோக்கி அடித்தால், கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருப்பவர் குளித்துவிடுவார். முனையைத் தரைப் பக்கமாகச் சாய்த்து, பெயிண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். பாட்டுச் சத்தம், குப்பை பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

[காட்சி: தரையில் சேற்றுக் குவியல், நடுவில் வடிகால்.]

வயல்வெளி, காட்டுப்பாதை என்று சுற்றிவிட்டு வந்திருந்தால் கடைசி அரை நிமிடத்தைத் தரைக்கு ஒதுக்குங்கள். வடிகாலுக்குக் கீழே சேறு படியும் தொட்டி இருக்கும். தண்ணீரால் தள்ளிவிட்டால் போய்விடும். என்ஜின் எண்ணெயை மட்டும் அதில் ஊற்றாதீர்கள். சொந்த வாளி கொண்டு வருவதையும் என்ஜினைக் கழுவுவதையும் சில இடங்களில் அனுமதிப்பதில்லை, பலகையைப் பாருங்கள்.

காத்திருப்பவருக்கும் கடமை உண்டு. முன்னால் இருப்பவரை ஒட்டி நிற்காதீர்கள், அவர் பின்னால் எடுக்க வேண்டி வரலாம். ஹாரன் வேண்டாம். இறங்கிப் போய், “இன்னும் எவ்வளவு நேரம் ஆகுங்க?” என்று கேளுங்கள். பலர் காத்திருப்பவரைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

[காட்சி: கடிகாரத்தில் 40 வினாடி.]

உங்கள் வேலை முடிந்தும் நேரம் மிச்சமா? கிளம்பும்போது அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிரஷைக் கழுவிக்கொள்ள அது அவருக்குப் போதும்.